குழந்தைகளின் மூளை இயக்கத்தைப் பதிவு செய்ய எது தோதுப்படும்? குமரி மாவட்டத்துக்கு ஓர் ஒப்பீடு

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு கல்லூரித் துறை, அல்லது ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் ஒரு முதுநிலை மாணவர், குழந்தைகளின் மூளை இயக்கம் பற்றி ஆய்வு செய்ய முடிவெடுத்தால் முதலில் கண்முன் வருவது சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளி விழுந்த எஃப்எம்ஆர்ஐ (மூளை வேலை செய்வதைக் காட்டும் எம்ஆர்ஐ ஸ்கேன்) படம்தான். அந்தப் படத்துக்கு இருக்கும் மவுசு பெரிது. ஆனால் இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு கேட்கக்கூடிய கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு எஃப்எம்ஆர்ஐ தேவையில்லை. சிலவற்றுக்கு அது தவறான கருவியும்கூட.

மூன்று கேள்விகளை வைத்துப் பார்க்கலாம். ஒன்று: களியக்காவிளை, குழித்துறை பக்கம் தமிழும் மலையாளமும் கேட்டு வளரும் 6 வயதுப் பிள்ளைக்கு 'ப' ஒலிக்கும் அதன் அதிர்வொலிக்கும், அதாவது 'பஸ்' என்ற சொல்லின் முதல் ஒலிக்கும், உள்ள வேறுபாடு தமிழ் மட்டும் கேட்டு வளரும் பிள்ளையைவிடக் கூர்மையாகப் பதிகிறதா? மலையாளத்தில் இவை தனித்தனி எழுத்து. தமிழில் ஒரே எழுத்து. இரண்டு: எடை குறைந்த 2 வயதுக் குழந்தைக்கும் சரியான எடையுள்ள குழந்தைக்கும் பார்த்ததை நினைவில் நிறுத்துவதில் மூளை இயக்கம் வேறுபடுகிறதா? மூன்று: 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் தகப்பனைக் கடலில் இழந்த பிள்ளைகள் இன்று பதின்வயதைத் தாண்டுகிறார்கள், அவர்களது அச்ச உணர்வின் மூளைப் பாதை மாறியிருக்கிறதா?

முதல் கேள்விக்கு மில்லிநொடிக் கணக்கு வேண்டும். இரண்டாவதற்கு, ஓடியாடும் குழந்தையிடம் வேலை செய்யும் கருவி வேண்டும். மூன்றாவதற்குத்தான் மூளையின் ஆழத்தில் இருக்கும், அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதி வரை எட்டும் கருவி, அதாவது எஃப்எம்ஆர்ஐ, வேண்டும். கருவியின் பெயரை முடிவு செய்துவிட்டுக் கேள்வி தேடுகிறவர்கள் இந்த மூன்றையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

எஃப்எம்ஆர்ஐ: எதிரி அசைவுதான்

எஃப்எம்ஆர்ஐ நரம்பணுவின் மின்னோட்டத்தைப் பார்ப்பதில்லை. வேலை செய்யும் இடத்துக்குக் கூடுதலாக வந்து சேரும் ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் காந்தப்புலத்தில் உண்டாக்கும் சிறு மாற்றத்தைப் பார்க்கிறது. 1990-இல் செய்ஜி ஒகாவா காட்டிய இந்த விளைவு வளர்ந்தவர்களில் தூண்டலுக்குப் பிறகு 5, 6 நொடியில் உச்சம் தொடும். பச்சிளம் குழந்தையில் அது தாமதமாகும், வடிவம் மாறும், சில வேளை தலைகீழாகவும் வரும். வளர்ந்தவர்களின் வளைவை அப்படியே போட்டுக் கணக்கிட்டால், இருக்கும் இயக்கமே 'இல்லை' என்று வந்து நிற்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் அசைவு. இந்தத் துறையே ஒருமுறை இதில் வழுக்கி விழுந்தது. வயது ஏற ஏற மூளையில் பக்கத்துப் பகுதிகளுக்கிடையிலான தொடர்பு தளர்ந்து, தொலைதூரத் தொடர்பு வலுக்கிறது என்று 2000-களின் இறுதியில் அழகான முடிவுகள் வந்தன. 2012-இல் மூன்று குழுக்கள் தனித்தனியாக ஒன்றைக் காட்டின: தலை ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதி அசைந்தாலே பக்கத்துத் தொடர்புகள் கூடியதாகவும் தொலைதூரத் தொடர்புகள் குறைந்ததாகவும் பொய்யாகத் தெரியும். சின்னப் பிள்ளை அதிகம் அசையும், பெரிய பிள்ளை குறைவாக அசையும். 'வளர்ச்சி' என்று எண்ணியதில் ஒரு பங்கு அசைவின் நிழல். முதலில் அந்த முடிவை வெளியிட்ட வட்டத்திலிருந்தே இந்தத் திருத்தமும் வந்தது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. அதன் பிறகு ஒவ்வொரு படத்துக்கும் முந்தைய படத்துக்கும் இடையிலான அசைவை அளந்து, 0.2 மில்லிமீட்டருக்கு மேல் போனவற்றை வெட்டி எறிவது குழந்தை ஆய்வுகளில் வழக்கமானது. கொஞ்சம் தளர்ந்தவர்கள் 0.5 வைப்பார்கள். வெட்டிய பிறகு மிஞ்சுவது 5 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் ஓய்வுநிலைத் தொடர்பு (வேலை எதுவும் தராமல் படுத்திருக்கும்போது மூளைப் பகுதிகளுக்கிடையில் உள்ள தொடர்பு) பற்றி எதுவும் சொல்லாமல் இருப்பதே நல்லது.

எனவே அசைவைக் குறைக்கும் வேலை ஸ்கேன் அறைக்கு வெளியே, ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். உள்ளூர் தச்சரிடம் பிளைவுட்டில் 60 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு குழாய் செய்யச் சொல்லலாம். பெரும்பாலான ஸ்கேனரின் வாய் 60 அல்லது 70 சென்டிமீட்டர்தான். உள்ளே ஒரு மெத்தை, தலைக்கு மேல் கண்ணாடி, பதிவு செய்த ஸ்கேனர் இரைச்சல். பிள்ளை கார்ட்டூன் பார்க்கட்டும். தலை அசைந்தால் படத்தை நிறுத்துங்கள், நின்றால் ஓட விடுங்கள். அரை மணி நேரம் போதும். உண்மையான ஸ்கேனில் நெற்றிக்குக் குறுக்கே, தலையைச் சூழும் கூண்டு போன்ற தலைச்சுருளின் இருபுறமும் ஒட்டும்படி மருத்துவ டேப் ஒட்டினால், அசையும்போது தோல் இழுபடுவது பிள்ளைக்குத் தெரியும், தானே அடங்கும். மருந்து எதுவும் இல்லாமல் கிடைக்கும் மலிவான உத்தி இது. பேச்சும் முக்கியம். விளவங்கோடு பக்கத்துப் பிள்ளையிடம் ஒலிபெருக்கியில் 'தயவுசெய்து அசையாமல் இருக்கவும்' என்றால் அது பயந்து தலையைத் திருப்பும். 'அனங்காம இரி மக்ளே, இப்பம் முடியும்' என்றால் கேட்கும்.

6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வேறு வழி: பாலூட்டி, துணியில் சுற்றி, இயல்பான தூக்கத்தில் எடுப்பது. மயக்க மருந்து கொடுத்து ஆய்வுக்காக மட்டும் எஃப்எம்ஆர்ஐ எடுக்கவே கூடாது. நெறிமுறை ஒருபுறம் இருக்க, மயக்க மருந்து ரத்த ஓட்டத்தின் பதிலையே மாற்றிவிடும். 2 முதல் 5 வயதுதான் மிகக் கடினம். தூங்கவும் மாட்டார்கள், சொல்வதையும் கேட்க மாட்டார்கள். இந்த வயதுக்கு எஃப்எம்ஆர்ஐ திட்டமிடும் குழுவிடம் நாம் கேட்கக்கூடிய ஒரே கேள்வி: ஏன்?

உலோகச் சோதனையை மருத்துவமனைப் படிவத்தோடு முடித்துவிடாதீர்கள். இங்கே பார்க்க வேண்டியவை வேறு. பிள்ளையின் அரைஞாண், தாயத்து, கூந்தல் கிளிப், பல்லில் போட்ட எஃகு உறை. கூடவே உள்ளே உட்காரும் அம்மாவின் தாலிக் கொடியில் கோத்திருக்கும் ஊக்குகள். தங்கம் காந்தத்தில் ஒட்டாது, ஊக்கு பறக்கும். கழற்றச் சொன்னால் சிலர் தயங்குவார்கள். அதனால் அழைப்புத் தொலைபேசியிலேயே சொல்லி, தாலி கழற்ற விரும்பாதவர் வெளியில் இருக்க, வேறு ஒருவர் உள்ளே வர ஏற்பாடு செய்யுங்கள். மணவாளக்குறிச்சி, கடியப்பட்டினம் கடற்கரைப் பிள்ளைகள் என்றால் இன்னொன்றும் உண்டு: கரிமணலில் உள்ள இல்மனைட் காந்தத்துக்கு ஈர்க்கப்படும், அந்த மணலைப் பிரிப்பதே காந்தத்தால்தான். செருப்பையும் நிக்கர் பையையும் உதறுவதில் நேரம் போக்காமல், மருத்துவமனை உடைக்கு மாற்றிவிடுங்கள். அதே ஊர்ப் பெற்றோர் 'கதிர்வீச்சு உண்டா?' என்று கேட்பார்கள். இயற்கையாகவே கதிர்வீச்சுள்ள மோனசைட் மண்ணில் வாழ்கிறவர்களுக்கு அந்தக் கேள்வி இயல்பு. எம்ஆர்ஐயில் எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு கிடையாது. உள்ளது காந்தப்புலமும் ரேடியோ அலையும் 100 டெசிபலைத் தாண்டும் இரைச்சலும். காதுக்கு நுரைப்பஞ்சு அடைப்பும் அதன்மேல் ஹெட்போனும், இரண்டுமே வேண்டும்.

எம்ஆர்ஐ இயந்திரம் இருக்கிறது என்பதும் அதில் எஃப்எம்ஆர்ஐ எடுக்கலாம் என்பதும் ஒன்றல்ல. மாவட்டத்திலுள்ள ஒரு ஸ்கேன் மையத்தை அணுகும் முன் கேட்க வேண்டியவை: காந்தத்தின் வலிமை 3 டெஸ்லாவா 1.5 டெஸ்லாவா, எஃப்எம்ஆர்ஐக்கு வேண்டிய வேகப் பட வரிசை (முழு மூளையையும் சில நொடிக்கு ஒருமுறை எடுக்கும் நிரல்) உரிமத்தில் இருக்கிறதா, ஒவ்வொரு படமும் தொடங்கும்போது கணினிக்கு சமிக்ஞை வருமா, அறைக்குள் படம் காட்ட வசதி உண்டா, பதப்படுத்தாத மூலத் தரவைக் கொடுப்பார்களா. இவற்றில் இரண்டுக்கு 'இல்லை' என்றால் திருவனந்தபுரம் போவதுதான் வழி. நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். அங்கே ஸ்ரீசித்திரா திருநாள் நிறுவனம் வலிப்பு அறுவைக்கு முன் மொழிப் பகுதியைக் கண்டறிய எஃப்எம்ஆர்ஐயைப் பயன்படுத்தும் மரபுள்ள இடம். அந்தப் பயன், அதாவது அறுவைக்கு முன் பேச்சு எந்தப் பக்க மூளையில் என்று அறிவது, ஒரு தனிக் குழந்தைக்கு எஃப்எம்ஆர்ஐ நேரடியாக உதவும் மிகச் சில இடங்களில் ஒன்று. காலை 5 மணிக்குக் கிளம்பி, வண்டியில் வாந்தி எடுத்து வந்த 6 வயதுப் பிள்ளை எவ்வளவு அசையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இஇஜி: தேங்காய் எண்ணெயும் புளூடூத்தும்

மூளையைப் 'படம்' பிடிக்கும் பட்டியலில் இஇஜியை, அதாவது தலைத்தோலில் மின்முனை வைத்து மூளையின் மின்னலைகளைப் பதியும் முறையைச் சேர்க்கலாமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஹான்ஸ் பெர்கர் 1929-இல் வெளியிட்ட பழைய முறை. எந்த இடத்திலிருந்து சமிக்ஞை வருகிறது என்பதில் சென்டிமீட்டர் கணக்கில் மங்கல். ஆனால் எப்போது என்பதில் மில்லிநொடித் துல்லியம். நம் முதல் கேள்விக்கு அதுதான் வேண்டும்.

வடிவமைப்பு இப்படி இருக்கலாம். 'ப' ஒலி 85 விழுக்காடு, அதன் அதிர்வொலி இணை 15 விழுக்காடு, 600 மில்லிநொடிக்கு ஒன்றாக 1000 ஒலிகள். சரியாக 10 நிமிடம். பிள்ளை ஒலியில்லாத கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருக்கும், கேட்கவே வேண்டாம். மூளை வேறுபாட்டைக் கண்டால் அரிதான ஒலிக்கு 100 முதல் 250 மில்லிநொடிக்குள் ஒரு கூடுதல் அலை வரும். பிறகு இரண்டு ஒலியையும் இடம் மாற்றி இன்னொரு 10 நிமிடம். இதைச் செய்யாவிட்டால் ஒலியின் இயல்பு வேறுபாட்டையே மூளையின் கண்டுபிடிப்பு என்று எழுதிவிடுவோம். 150 அரிய ஒலிகளில் கண் சிமிட்டல், அசைவு போக 100 மிஞ்சினால் நிம்மதி. வளர்ந்தவர்களில் இந்த அலை எதிர்மறையாக இருக்கும், சின்னப் பிள்ளைகளில் நேர்மறையாகவும் வரலாம். அதைக் கருவிக் கோளாறு என்று தூக்கிப் போட வேண்டாம். அதேபோல் ஓய்வாக இருக்கும்போது தெரியும் ஆல்ஃபா அலையை வளர்ந்தவர்களின் 8–13 ஹெர்ட்ஸில் தேடாதீர்கள்; கைக்குழந்தையில் அது 6–9 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும்.

எங்கே கெடும்? முதலில் தலையில். இந்த ஊரில் தேங்காய் எண்ணெய் தேய்க்காமல் பள்ளிக்கு வரும் பிள்ளை அரிது. எண்ணெய் மின்தடையைக் கூட்டும். முந்தின நாள் இரவு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, கண்டிஷனரும் எண்ணெயும் இல்லாமல், உலர்ந்த தலையோடு வரச் சொல்லுங்கள். பள்ளி நாள்குறிப்பில் எழுதி அனுப்பினால் போதாது, அம்மாவின் தொலைபேசிக்குக் குரல் செய்தி அனுப்புங்கள். பூ வைத்து இறுக்கிப் பின்னிய சடையும் வேண்டாம். உப்புக் கரைசலில் நனைக்கும் வலைத் தொப்பி என்றால் ஒரு லிட்டர் வடிநீரில் சுமார் 11 கிராம் பொட்டாசியம் குளோரைடும் ஒரு தேக்கரண்டி பேபி ஷாம்புவும். 5 நிமிடம் ஊறினால் போதும். சொட்டச் சொட்ட வைத்தால் பக்கத்துப் பக்கத்து மின்முனைகள் கரைசலால் இணைந்து ஒரே அலையைக் காட்டும். உயர்தடை பெருக்கியில் மின்முனையின் தடையை 50 கிலோ ஓம் வரை விடலாம்; பழைய பெருக்கியில் 5-க்குக் கீழே கொண்டு வர வேண்டும்.

அடுத்தது புழுக்கம். ஏப்ரல், மே மாதத்தில் மின்விசிறி மட்டும் உள்ள வகுப்பறையில் வியர்வை மெதுவாக அலையை ஏற்றி இறக்கும். வடிகட்டியை 0.1 ஹெர்ட்ஸில் வைத்தால் திரையே நெளியும். காலை 9-க்கு முன் எடுங்கள் அல்லது ஏசி உள்ள அறை தேடுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சலுக்கு டியூப்லைட்டையும் விசிறி ரெகுலேட்டரையும் அணைத்து, மடிக்கணினியை பேட்டரியில் ஓட்டுங்கள். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் தொடரலாம் என்று எண்ண வேண்டாம்; சதுர அலை இன்வெர்ட்டர் 50-இன் பல மடங்குகளில் குப்பை சேர்க்கும்.

ஒலிக்கு புளூடூத் ஒலிபெருக்கி கூடவே கூடாது. அதன் தாமதம் 100, 200 மில்லிநொடி வரை போகும், ஒவ்வொரு முறையும் மாறும். நாம் தேடும் அலையே 100 மில்லிநொடி அகலம்தான். கம்பி வழி ஒலிபெருக்கி வைத்து, அதன் முன் ஒரு மைக் வைத்து, கணினி சமிக்ஞைக்கும் உண்மையான ஒலிக்கும் இடைவெளியை 200 முறை அளந்து, அது நிலையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டே முதல் குழந்தையை அழையுங்கள். முழு ஆண்டுத் தரவையும் இந்த ஒரு சோதனை காப்பாற்றும்.

எஃப்என்ஐஆர்எஸ்: வீட்டுத் திண்ணைக்குப் போகும் கருவி

இரண்டாவது கேள்விக்கு எஃப்என்ஐஆர்எஸ், அதாவது தொப்பியிலிருந்து ஒளி பாய்ச்சி மூளையின் ரத்த மாற்றத்தை அளக்கும் கருவி. 1977-இல் ஃபிரான்ஸ் யோப்சிஸ் காட்டிய வழி: 650 முதல் 900 நானோமீட்டர் வரையிலான அண்மை அகச்சிவப்பு ஒளி தோலையும் எலும்பையும் ஓரளவு ஊடுருவும், ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் இறங்கிய ரத்தமும் அதை வெவ்வேறு அளவில் உறிஞ்சும். தொப்பியில் ஒளிமூலமும் உணரியும் வளர்ந்தவருக்கு 3 சென்டிமீட்டர் இடைவெளி, கைக்குழந்தைக்கு 2 முதல் 2.5. தலைத்தோலிலிருந்து ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் ஆழம்வரைதான் எட்டும். அமிக்டலா, நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் போன்ற ஆழப் பகுதிகள் எல்லாம் கனவு. ஆனால் குழந்தை அம்மா மடியில் உட்கார்ந்திருக்கலாம், சத்தமில்லை, சிறு அசைவைப் பொறுக்கும்.

ஆய்வுப் போக்கு இந்தப் பக்கம் திரும்பியிருப்பது இதனால்தான். காம்பியாவின் கிராமங்களிலும் வங்கதேசத்தின் டாக்காவிலும் இதை வைத்துப் பல ஆண்டுத் தொடர் ஆய்வுகள் நடந்தன. நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்தின் ஷிவ்கரில் 4 மாதம் முதல் 4 வயது வரையிலான குழந்தைகளின் பார்வை நினைவை எடுத்துச் செல்லும் எஃப்என்ஐஆர்எஸ் கொண்டு ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். திருவட்டாறு வட்டத்தில் ஓர் அங்கன்வாடியில் இதே வடிவில் செய்ய முடியாத காரணம் எதுவும் இல்லை.

10 முதல் 20 நொடி தூண்டல், அதே அளவு இடைவெளி, 8 முதல் 10 சுற்று. இடைவெளியை ஒரே அளவாக வைக்காமல் கூட்டிக் குறையுங்கள், இல்லையென்றால் மூச்சின் தாளமும் ரத்த அழுத்தத்தின் மெதுவான அலையும் தூண்டலோடு ஒத்துப்போய் ஏமாற்றும். ஆக்சிஜன் ஏறிய ரத்தம் கூட, இறங்கியது குறைய வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கூடினால் அசைவையோ உடல் முழுதுமான மாற்றத்தையோ சந்தேகியுங்கள். தொப்பி சரியாக ஒட்டியிருக்கிறதா என்பதை இதயத்துடிப்பே சொல்லும்: 2 வயதுக் குழந்தையின் துடிப்பு 2 ஹெர்ட்ஸ் பக்கம் அலையாகத் திரையில் தெரிய வேண்டும். தெரியாத தடத்தை (ஒளிமூலமும் உணரியும் சேர்ந்த இணையை) அப்போதே குறித்துவைத்து, முடியைப் பஞ்சுக்குச்சியால் விலக்குங்கள்.

இங்கே ஒரு தனிக் கவனம். அடர்த்தியான கருமுடியும் கருமையான தோலும் ஒளியை விழுங்கும். மென்முடிக் குழந்தைகளிடம் சோதித்த தொப்பி நம் பிள்ளைகளிடம் பாதித் தடத்தை இழக்கும். முடி குறைந்த நெற்றிப் பகுதி நம்பகமானது என்று நினைத்தால் அங்கே கண்ணேறு கழியத் தீட்டிய மைப்பொட்டு இருக்கும். கரி சேர்ந்த மை இந்த ஒளிக்குச் சுவர். ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டுத் தொப்பி போட்டு, முடிந்ததும் மறுபடி அம்மாவே வைக்கட்டும். அதைச் சொல்லாமல் துடைத்தால் அடுத்த வீடு கதவைத் திறக்காது. திண்ணையில் வெயில் நேராக விழும் இடமும் ஆகாது, உணரி நிரம்பிவிடும். தொப்பிக்கு மேல் கறுப்புத் துணி சுற்றுங்கள்.

மற்றவை

எம்இஜி, அதாவது மூளையின் மின்னோட்டம் உண்டாக்கும் நுண்ணிய காந்தப்புலத்தை அளக்கும் முறை, நேரமும் இடமும் இரண்டும் தரும். பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் இருக்கிறது. பழைய வகைக்கு திரவ ஹீலியம் வேண்டும், தலைக்கவசம் வளர்ந்தவர் அளவு, சின்னத் தலை உள்ளே ஆடும். 2018 முதல் திரவ ஹீலியம் வேண்டாத, தலையோடு நகரும் சிறு உணரிகள் வந்துவிட்டன. அவற்றைச் சைக்கிள் ஹெல்மெட்டில் பதித்துச் சின்னக் குழந்தைகளை அளந்திருக்கிறார்கள். துறை ஆவலோடு பார்ப்பது இதைத்தான். காந்தத் தடுப்பு அறை இன்னும் தேவை என்பதால் நாகர்கோவிலுக்கு இப்போதைக்கு எட்டாது. நகர்த்தக்கூடிய குறைபுல எம்ஆர்ஐ பற்றிக் கேள்விப்பட்டு ஆசைப்படுகிறவர்களுக்கு: அது 0.064 டெஸ்லா, மூளையின் அமைப்பை மட்டும் காட்டும், இயக்கத்தைக் காட்டாது. பெட் ஸ்கேன் கதிரியக்க மருந்து ஏற்றுவது. நலமுள்ள குழந்தையின் ஆய்வுக்கு அது பேச்சே இல்லை.

எத்தனை பேர்

கருவியைவிட அதிகம் மாறியிருப்பது இந்தக் கணக்குதான். 2022-இல் நேச்சர் இதழில் வந்த பெரிய பகுப்பாய்வு, மூளைத் தொடர்புக்கும் அறிவுத்திறன் போன்ற பண்புக்கும் உள்ள உறவைப் பலரிடையே ஒப்பிட்டுத் தேடினால் நம்பகமான விடைக்கு ஆயிரக்கணக்கானோர் வேண்டும் என்று காட்டியது. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பல ஆண்டு தொடரும் அமெரிக்காவின் ஏபிசிடி ஆய்வு 21 மையங்களில் 9, 10 வயதுப் பிள்ளைகள் கிட்டத்தட்ட 11,900 பேரைச் சேர்த்தது இந்த அளவுக்காகத்தான். இந்தியாவில் நிம்ஹான்ஸ் முன்னின்ற சி-வேடா ஆய்வு 6 முதல் 23 வயது வரை ஆயிரக்கணக்கானோரைப் பல ஊர்களில் சேர்த்தது. 30 பிள்ளைகளை வைத்து 'மூளையின் இந்தப் பகுதிக்கும் கணக்கு மதிப்பெண்ணுக்கும் உறவு' என்று எழுதும் காலம் போய்விட்டது.

அதற்காகச் சிறு குழு கடையை மூட வேண்டியதில்லை. ஒரே பிள்ளைக்குள் இரண்டு நிலைகளை ஒப்பிடும் வடிவம், நம் ஒலி ஆய்வு போல, 30, 40 பேரில் நிற்கும். 30 நல்ல பதிவு வேண்டுமென்றால் 45 பேரை அழையுங்கள். இன்னொரு போக்கு, சிலரை மட்டும் எடுத்துப் பல நாள் மணிக்கணக்கில் பதிவது. எஃப்எம்ஆர்ஐயில்தான் அது தொடங்கியது, ஆனால் பள்ளிக்குப் பக்கத்திலேயே இருக்கும் இஇஜிக்கு இன்னும் பொருந்தும். ஒக்கிக் கேள்வி இந்த இரண்டிலும் அடங்காது. அது குழுக்களுக்கிடையிலான ஒப்பீடு, ஆழப் பகுதி, துயரத்தைக் கிளறும் படங்கள். பெரிய பல்மைய ஆய்வின் ஒரு கிளையாக, மனநல மருத்துவர் உடனிருக்கச் செய்யலாம். தனியாக ஒரு முதுநிலை ஆய்வேடாகச் செய்யக் கூடாது.

ஒப்புதல்

2017-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) நெறிமுறைப்படி பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு, 7 வயதிலிருந்து பிள்ளையின் வாய்மொழிச் சம்மதமும் 12-க்கு மேல் எழுத்துச் சம்மதமும் வேண்டும். படிவத்தைத் தமிழில் மட்டும் அச்சிட்டு மேற்குப் பக்கம் போகாதீர்கள். மலையாளத்தில் படிப்பவர்கள் இருக்கிறார்கள். நெறிமுறைக் குழு சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு பெற்றதா என்று பாருங்கள். வெளிநாட்டுக் கூட்டு என்றால் தனி அனுமதிக்குப் பல மாதம் ஒதுக்குங்கள்.

தொப்பியைக் கழற்றியதும் பெற்றோர் கேட்பது ஒன்றே: 'எங்க பிள்ளைக்கு மூளை நல்லா இருக்கா? எந்தப் படிப்புக்குச் சேர்க்கலாம்?' மூளை வரைபடம், விரல்ரேகைச் சோதனை என்று காசு வாங்கும் கூட்டம் ஊருக்குள் வந்துபோனதால் கேள்வி அப்படி வரும். மேலே சொன்ன கருவிகளில் எதுவும் தனிப் பிள்ளையின் திறமையைச் சொல்லாது என்பதை ஒப்புதல் படிவத்தின் முதல் பத்தியில் எழுதி, வாயாலும் சொல்லுங்கள். எம்ஆர்ஐ படத்தில் தற்செயலாக ஏதாவது தென்பட்டால் யார் பார்ப்பார், எத்தனை நாளில், எந்த மருத்துவரிடம் அனுப்புவது என்பதையும் கதிரியக்க மருத்துவரின் கையெழுத்தோடு முதல் ஸ்கேனுக்கு முன்பே தாளில் வைத்திருங்கள்.